நான்கடி மீன்தொட்டிக்கு இரண்டாம் முறை குழாய் போட்டவர்: ஒரு மதிப்புரை

சிங்கப்பூர் ஈசூனில் ஒன்பதாம் மாடியில் உள்ள எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில், டிஸ்கஸ் என்னும் நன்னீர் அலங்கார மீன்களுக்கான தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் நீளம் 120 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் தலா 50 சென்டிமீட்டர். ஒரே ஆண்டுக்குள் அதற்கு இரண்டு முறை குழாய் போட்டுவிட்டேன். முதல் முறை தொட்டியை விற்ற கடைக்காரர்களே செய்து கொடுத்தார்கள். இரண்டாம் முறை செய்தவர், செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் குழாய் பொருத்துநராக இருந்துவிட்டு, இப்போது தனியாளாக மீன்தொட்டிக் குழாய் வேலைகளை மட்டும் எடுத்துச் செய்பவர். இந்த மதிப்புரை அவருடைய வேலையைப் பற்றியது. மாதத்துக்கு மூன்று வேலைகளுக்கு மேல் எடுக்க முடியாது, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. கொடுத்த பணத்தில் பாதியைத் தகராறு செய்யாமல் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இரண்டாம் முறை ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் அண்ணன் செய்த வேலையின் அருமை விளங்கும். தைப்பூசத்துக்கு முந்தின இரவு நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தம்பியின் காவடியோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடந்து போயிருந்தோம். அந்த நேரத்தில் குளியலறைச் சுடுநீர்க் கலனில் மின்கசிவு ஏற்பட்டு, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சு தானாக விழுந்துவிட்டது. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது. ஆனால் அதோடு மீன்தொட்டியின் பம்பும் நின்றது. பம்பு நின்றதும் தொட்டி நீர், மேலே ஏற்றும் குழாய் வழியாகவே பின்னோக்கி இறங்கத் தொடங்கி, அடிப்பெட்டிக்குள் வடிகட்டியும் பம்பும் இருக்கும் சம்ப் என்னும் கீழ்த்தொட்டியை நிறைத்து வழிந்தது. காலையில் நாங்கள் திரும்பியபோது கூடத்தின் வினைல் பலகைகள் காலடியில் பிதுங்கின. அதற்கு முன்பே, கீழ்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தம் வீட்டுக் கூரையில் தேநீர் நிறத்தில் படர்ந்திருந்த கறையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. அவர் கோபமாக எழுதியிருந்தால்கூடச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வழிந்தது ஏறத்தாழ 15 லிட்டர். ஒரு வாளித் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வீவக வீடுகளில் குளியலறைத் தளத்துக்கு அடியில் நீர்புகாப் படலம் இருக்கும். கூடத்தில் அது கிடையாது. அதனால் கூடத்தில் கொட்டும் நீர் பலகை இடுக்கில் இறங்கி, சிமெண்டுப் பூச்சில் ஊறி, கீழ்வீட்டுக் கூரையில் முகம் காட்டுகிறது. மக்சிக்கின் கூரைக்குச் சாயம் அடித்துக் கொடுக்க 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆயிற்று. வீட்டுத் தீக்காப்புறுதி இதற்கு உதவாது. அது தீயினால் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கு உரியது. வீட்டுப் பொருள்களுக்கான காப்புறுதியைத் தனியாக எடுத்திருப்பவர்கள், அடுத்தவர் வீட்டுக்கு நீரால் வரும் சேதம் அதில் அடங்குமா, மீன்தொட்டிக்கு விலக்கு ஏதும் உண்டா என்று பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

அண்ணன் முதல் நாள் வந்தபோது கருவிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு அளவுநாடாவும், காகித ஒட்டுநாடாவும், பேனாவும் எடுத்துக்கொண்டு தொட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தொட்டியின் மேற்பரப்பு 120க்கு 50 என்பதால் 1 சென்டிமீட்டர் உயரம் குறைந்தால் 6 லிட்டர் கீழே இறங்கும் என்று ஒட்டுநாடாவில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். சம்ப்பின் பரப்பு 75க்கு 40; அங்கே 1 சென்டிமீட்டருக்கு 3 லிட்டர். சம்ப்பின் உயரம் 40 சென்டிமீட்டர், ஓடும்போது நீர் நிற்பது சராசரியாக 22, ஆகவே மீதி இடம் 18 சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். பிறகு தொட்டிக்குள் கைவிட்டு, பம்பு மேலே ஏற்றும் நீர் தொட்டிக்குத் திரும்பி வரும் குழாயின் வாய் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தார். 11 சென்டிமீட்டர். அப்படியானால் பம்பு நின்றதும் குழாயின் வாய் காற்றைக் காணும்வரை 66 லிட்டர் கீழே இறங்கும். தொட்டியிலிருந்து வழியும் நீரை வாங்கிக் கீழே அனுப்பும் மூலைப்பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் நீரைச் சேர்த்தால் 69. "54 பிடிக்கிற எடத்துல 69 வந்தா என்ன ஆகும் தம்பி?" என்று கேட்டார். விடை எங்கள் வீட்டுத் தரையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

கடைக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அதற்காகத்தான் பம்புக்கு மேலே ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டிருந்தார்கள். நான்கு மாதம் அது ஒழுங்காக வேலை செய்தது. அண்ணன் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தபோது, மடல் மூடும் விளிம்பில் மிளகு அளவே இருந்த நத்தை ஓடு ஒன்று சிக்கியிருந்தது. நீர்ச்செடி வளர்க்கும் எவர் தொட்டியிலும் இந்த நத்தைகள் அழையா விருந்தாளிகளாக வந்து சேரும். மடல் ஒரு மயிரிழை திறந்திருந்தால் போதும், இரவு முழுவதும் நேரம் கிடைத்தால் மொத்தத் தண்ணீரும் இறங்கிவிடும். ஒருவழி வால்வு வைக்கவே கூடாது என்பது அண்ணனின் கட்சி அல்ல. அது வேலை செய்யும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பதுதான். குழாயின் வாயருகே சிறு துளை போட்டு, காற்றுப் புகுந்து நீரோட்டம் அறுபடச் செய்யும் வழக்கமான ஏற்பாட்டைப் பற்றியும் அவர் இதையே சொன்னார். அந்தத் துளை பாசியால் அடைபடும் நாள் எது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே அவர் செய்த முதல் மாற்றம் மிக எளியது. திரும்பும் குழாயைத் தொட்டியின் விளிம்புக்கு மேலாகக் கொண்டுவந்து, அதன் வாயை நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே நிறுத்தினார். இப்போது பம்பு நின்றால் தொட்டியிலிருந்து 12 லிட்டரும், மூலைப்பெட்டியிலிருந்து 4 லிட்டரும், குழாயிலிருந்து ஒரு லிட்டரும் இறங்குகின்றன. 54 பிடிக்கும் இடத்துக்கு 17. எந்த வால்வும் எந்தத் துளையும் வேலை செய்யாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. குழாயின் வாய் நீர்மட்டத்தோடு ஒட்டி இருப்பதால் மேற்பரப்பு சற்று அதிகமாக அலைகிறது என்பது மட்டும்தான் இதில் குறை. டிஸ்கஸ் மீன்களுக்கு அமைதியான நீர் பிடிக்கும் என்பதால் வாயில் ஒரு அகன்ற விசிறிமுனையைப் பொருத்தி ஓட்டத்தைப் பரத்திவிட்டார்.

இரண்டாவது மாற்றம் நீர் இறங்கும் பக்கத்தில். கடைக்காரர்கள் மூலைப்பெட்டியின் அடியில் இரண்டு துளைகள் போட்டு, ஒன்றை இறங்கும் குழாய்க்கும் மற்றொன்றை ஏறும் குழாய்க்கும் கொடுத்திருந்தார்கள். அதாவது இறங்குவதற்கு ஒரே வழி. அதில் காற்றும் நீரும் கலந்து இறங்கும் டர்சோ வகைக் குழாய் வேறு. இரவில் தொண்டை கொப்பளிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஏறும் குழாய் விளிம்புக்கு மேலே போய்விட்டதால் காலியான துளையை அண்ணன் இரண்டாவது இறங்கு வழியாக மாற்றினார். இதை ஹெர்பி முறை என்பார்கள். முதல் குழாய் மூலைப்பெட்டியில் நீர்மட்டத்துக்குக் கீழே வாய் திறந்து, காற்றே கலக்காமல் முழுக் குழாயாக நீரை இழுக்கிறது. அதன் ஓட்டத்தைக் கீழே உள்ள கேட் வால்வைத் திருகிப் பம்பின் வேகத்துக்குச் சமமாக்க வேண்டும். இரண்டாவது குழாயின் வாய் அதைவிட உயரத்தில், சாதாரண நாளில் ஒரு சொட்டும் விழாமல் காத்திருக்கிறது. முதல் குழாயில் இலையோ நத்தையோ அடைத்தால் நீர் உயர்ந்து இரண்டாவதில் விழும். விழும் சலசலப்பே நமக்கு எச்சரிக்கை மணி. மூன்று குழாய்கள் கொண்ட பீன்அனிமல் முறை இதைவிடப் பாதுகாப்பானது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளக் கூடியது என்பதை அண்ணனே சொன்னார். அதற்கு மூன்றாவது துளை வேண்டும். நீர் நிரம்பிப் பழகிய தொட்டியின் அடிக் கண்ணாடியில் வைரமுனைத் துளைப்பானை வைக்க அவருக்கு மனமில்லை, எனக்கும் துணிவில்லை.

இங்கே பந்து வால்வு போடாமல் கேட் வால்வு போட்டதை நான் குறிப்பாகப் பாராட்டுகிறேன். பந்து வால்வு கால் சுற்றில் திறந்து மூடிவிடும். நுணுக்கமாக ஓட்டத்தைக் குறைக்க முயன்றால் கூடுகிறது அல்லது குறைகிறது, நடுவில் நிற்பதில்லை. கேட் வால்வைப் பல சுற்றுகள் திருகலாம். விலை பல மடங்கு அதிகம்தான். பம்பின் வேகத்தை மணிக்கு ஏறத்தாழ 2000 லிட்டராக வைத்து வால்வைத் திருகிக்கொண்டே வந்தார். கொப்பளிப்பு படிப்படியாகத் தேய்ந்து ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றது. சமையலறையில் இருந்த என் மனைவி, பம்பை நிறுத்திவிட்டீர்களா என்று எட்டிப் பார்த்தார்.

பிறகு அவர் செய்த சோதனைகளுக்காகவே நான் அவருக்குக் கொடுத்த 920 வெள்ளியும் தகும் என்று சொல்வேன். முதலில் கேட் வால்வை முழுவதுமாக மூடினார். நீர் முழுவதும் அவசரக் குழாயில் பேரிரைச்சலோடு இறங்கியது, தொட்டியின் மட்டம் அசையவில்லை. அடுத்து இரண்டு குழாய்களின் வாயையும் துணியால் அடைத்தார். இது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பம்பு நீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்க, கீழே இறங்க வழி இல்லை. தொட்டி மெல்ல உயர்ந்தது. சம்ப்பில் பம்பு இருக்கும் அறையின் பரப்பு 25க்கு 40 என்பதால் 1 சென்டிமீட்டருக்கு 1 லிட்டர். அங்கே 20 சென்டிமீட்டர் நீர், அதில் பம்பின் உறிஞ்சுவாய் 4 சென்டிமீட்டரில். ஆகவே பம்பு அதிகபட்சம் 16 லிட்டரைத்தான் மேலே தள்ள முடியும். தொட்டியில் விளிம்புவரை 4 சென்டிமீட்டர் இடம், 24 லிட்டர். கண்ணாடி விளிம்புக்கு ஒரு விரல் கீழே நீர் நின்றது, கீழே பம்பு காற்றை உறிஞ்சிக் கரகரத்தது. அவர் பம்பை அணைத்துவிட்டு, துணியை எடுத்தார். மூன்றாவதாக ஒருவழி வால்வின் மடலை வேண்டுமென்றே ஒரு பல்குச்சியால் திறந்து வைத்து, மின்சாரத்தை நிறுத்தினார். சம்ப்பில் நீர் உயர்ந்து நின்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கும் சம்ப்பின் விளிம்புக்கும் இடையில் என் கை அகலத்துக்குமேல் இடம் இருந்தது.

கடைக்காரர்கள் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்து காட்டவில்லை. தொட்டி ஓடுவதைக் காட்டினார்கள், அழகாக ஓடியது, நானும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். நிறுத்திக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஒட்டும் வேலையைப் பற்றிச் சில வரிகள். யூபிவிசி குழாய்களுக்குப் பசை என்று நாம் சொல்வது உண்மையில் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான். குழாயை அறுத்த இடத்தில் பிசிறு நீக்கி, இரு பக்கமும் தடவி, உள்ளே செருகிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் விட்டுவிட வேண்டும். கடைக்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் நீர் நிரப்பினார்கள். அண்ணன் 24 மணி நேரம் காத்திருந்தார். அதுவரை எட்டு டிஸ்கஸ் மீன்களும் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் பஞ்சு வடிகட்டியோடு படுக்கையறையில் குடியிருந்தன. நீர் நிரப்பிய பின் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி ஒரு டிஷ்யூ தாளைக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிட்டுப் போனார். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் பதினான்கு தாள்களில் ஒன்றில் மட்டும், அவசரக் குழாய் அடிக்கண்ணாடியைத் துளைத்து வரும் இணைப்பில், ஐந்து காசு அளவுக்கு ஒரு ஈரவட்டம் இருந்தது. பழைய இரப்பர் வளையத்தைக் கடைக்காரர்கள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் போட்டிருந்தார்கள். அது நீர் இருக்கும் பக்கத்தில், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்க வேண்டியது. தொட்டியை மறுபடியும் இறைத்து, புது வளையம் போட்டு, கையால் இறுக்கிய பின் சாவியால் ஒரு சிறு திருப்பு மட்டும் கொடுத்தார். அதற்குமேல் இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும் என்றார். இந்தக் கூடுதல் நாளுக்கு அவர் பணம் கேட்கவில்லை.

பம்பின் இருபுறமும் கையால் கழற்றக்கூடிய யூனியன் இணைப்புகள் இருக்கின்றன. பம்பைக் கழுவ இனி எதையும் அறுக்க வேண்டியதில்லை.

கசிவு எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றி எனக்கு முன்பு இருந்த எண்ணம் முழுக்க மாறிவிட்டது. அக்காரா நிறுவனத்தின் சிறு வட்டக் கருவிகள் இரண்டும், தானே சைரன் ஒலிக்கும் வேறொன்றும் வாங்கினேன். மொத்தம் ஏறத்தாழ 110 வெள்ளி. அக்காரா கருவியின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கின்றன. நீர் அந்த இரண்டையும் இணைத்ததும் செய்தி கைப்பேசிக்கு வருகிறது. அதற்கு வீட்டில் ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொடர்புக்கான மையக் கருவி ஒன்று இருக்க வேண்டும். நான் முதலில் திட்டமிட்டது, ஈரம் பட்டதும் பம்பின் மின்சாரம் தானாக நிற்கும்படி திறன்சுவிட்சு ஒன்றை இணைத்துவிடுவது. அண்ணன் சிரித்தார். பழைய அமைப்பில் பம்பை நிறுத்துவதுதானே வெள்ளத்தை வரவழைத்தது? எங்கோ ஒரு சொட்டு கசிந்ததற்காக 15 லிட்டரைத் தரையில் கொட்டும் பாதுகாப்பு ஏற்பாடாக அது முடிந்திருக்கும். திரும்பி இறங்கும் நீரைச் சம்ப் தாங்கும் என்று உறுதியான பிறகே பம்பை நிறுத்தும் தானியங்கி ஏற்பாட்டில் பொருள் உண்டு. இப்போது அது இருக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் அணைந்தே கிடக்கும் திறன்சுவிட்சுகளும் உண்டு. அப்படிக் கிடந்தால் வெப்பமான நம் ஊரில் பெரிய மீன்கள் ஆக்சிஜன் குறைந்து மூச்சுத் திணறும். எனவே மின்சாரம் திரும்பியதும் தானாக எரியும் நிலையில் அமைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனதும் பேட்டரியில் ஓடத் தொடங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இரவில் கைப்பேசியின் ஒலியை நிறுத்திவிட்டுத் தூங்கும் என் போன்றவர்களுக்குச் சைரன் கருவியே உண்மையில் உதவும்.

மின்சாரப் பக்கம் அண்ணன் கை வைக்கவில்லை, அதுவே சரி. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து, சம்ப்புக்குப் பக்கத்தில் தரையோடு கிடந்த மின்செருகியைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். ஒவ்வொரு கம்பியும் செருகிக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விட்டிருக்கிறோம். கம்பியில் வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். ஆர்சிசிபி இல்லாத பழைய வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம் என்பதை நினைவில் கொள்ளவும். 1985 ஜூலை முதல் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் அது தொடக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். உப்பில்லாத நன்னீரானாலும், 230 வோல்ட்டுக்கும் ஈரக்கைக்கும் நடுவில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் அந்தச் சுவிட்சைத் தவிர வேறு காவல் இல்லை.

எடையைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். நீர், கண்ணாடி, சம்ப், அடிப்பெட்டி எல்லாம் சேர்த்து எங்கள் தொட்டி 480 கிலோ அளவுக்கு வரும். வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுபவை. அதனால் வாங்குமுன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் வீட்டின் வரைபடத்தைக் காட்டி, அவர் சொன்ன உத்தரத்தின் ஓரமாகத் தொட்டியை வைத்தேன். அவர் எங்கள் வீட்டுக்குச் சொன்னது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இனிக் குறைகள். அண்ணன் சம்ப்புக்கு அடியில் பிவிசி தகட்டில் ஒரு தட்டு செய்து வைத்தார்: 85க்கு 50, உயரம் 8 சென்டிமீட்டர். 34 லிட்டர் பிடிக்கும் என்றார், 140 வெள்ளி வாங்கினார். அவர் முதல் நாள் கற்றுக்கொடுத்த கணக்கையே நான் அவருக்குத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். தட்டின் பரப்பு 4250 சதுர சென்டிமீட்டர். அதில் 3000ஐச் சம்ப்பே அடைத்து உட்கார்ந்திருக்கிறது. மீதி 1250க்கு 8 என்றால் 10 லிட்டர்தான். சம்ப்பின் ஒட்டுவாயே பிளந்தால் அதில் இருக்கும் 66 லிட்டரும் தட்டும் ஒரே மட்டத்துக்கு வர 15 சென்டிமீட்டருக்குமேல் உயரம் வேண்டும். ஆகவே அந்தத் தட்டு சொட்டுக்கு உதவும், உடைப்புக்கு உதவாது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரிதான் தம்பி என்று ஒப்புக்கொண்டார். 16 சென்டிமீட்டர் உயரத்தில் வேறு தட்டு செய்தால் அடிப்பெட்டியின் கதவு வழியாகச் சம்ப்பை வெளியே எடுக்க முடியாது என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனாலும் 34 லிட்டர் என்ற சொல்லுக்காக ஒரு புள்ளியைக் குறைக்கிறேன்.

தட்டைப் பற்றி இன்னொன்று. அதில் நீர் தேங்கி நின்றால் கசிவைப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து விட்டுவிடக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு அது தொட்டில். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது மீன்கள் நீந்தும் தொட்டியை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், மீன்களே புழுக்களைத் தின்றுவிடும். இருட்டில் கிடக்கும் தட்டும், மூடி இல்லாத நீர்க்கலனும்தான் அபராதத்தில் கொண்டுபோய் விடும். எங்கள் வீட்டில் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய 20 லிட்டர் கலன் ஒன்று இருக்கிறது, அதற்கு இறுக்கமான மூடி போட்டிருக்கிறோம். தானாக நீர் நிரப்பும் கருவியைக் குழாய்நீரோடு நேரடியாக இணைத்துவிடலாமே என்று கேட்டதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கலனிலிருந்து எடுத்தால், கருவி பழுதாகி நிற்காமல் ஓடினாலும் வரக்கூடியது 20 லிட்டர்தான். பம்பு நின்று 17 லிட்டர் இறங்கிய பிறகும் சம்ப்பில் 37 லிட்டருக்கு இடம் இருக்கிறது. குழாய்நீருக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. குடிநீர்க் குழாயில் கை வைப்பதானால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் வேண்டும், தொட்டி நீர் பின்னோக்கிக் குடிநீரில் கலக்காமல் தடுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இந்த அமைப்பில் எனக்கு இன்னமும் நிறைவு தராதது நீர் மாற்றும் பகுதி. டிஸ்கஸ் வளர்ப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. வாரத்துக்கு இரண்டு முறை பாதி நீரை மாற்றுகிறேன். இறங்கும் குழாயில் ஒரு கிளை வைத்து, ரப்பர்க் குழாய் மாட்டிக் குளியலறையின் வடிகாலுக்கு நீரை விடும் ஏற்பாட்டை அண்ணன் அருமையாகச் செய்திருக்கிறார். வாளி தூக்கி முதுகு ஒடிந்த காலம் போயிற்று. திரும்ப நிரப்புவதற்கோ ஒரு ஏற்பாடும் இல்லை. அதே ரப்பர்க் குழாயைக் குளியலறையிலிருந்து இழுத்து வந்து, நம் குழாய்நீரில் குளோரின் மட்டுமின்றி குளோரமைனும் இருப்பதால் அதற்குரிய மருந்தை முன்கூட்டியே தொட்டியின் முழு அளவுக்கும் ஊற்றிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடங்களில் தொலைபேசி மணி அடித்தால், வாசலில் யாராவது அழைத்தால், எல்லாக் கணக்கும் பாழ். இரண்டு முறை விளிம்புக்கு இரண்டு விரல் வரை போய்விட்டேன். இப்போது முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். மட்டம் வந்ததும் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு ஒன்றைக் குழாயின் நுனியில் பொருத்த 60 வெள்ளி ஆகும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். முதல் நாளே மொத்த வேலையோடு அதையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தைப்பூச இரவைப் போல ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆபத்துக்கு இவ்வளவு பார்த்தவர், வாரத்துக்கு இரண்டு முறை வரும் ஆபத்தை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

வேலை முடிந்த பின் அழைத்தால் வருவாரா என்று கேட்பவர்களுக்கு: மூன்றாம் மாதம் பம்பின் யூனியன் ஒன்றில் வெள்ளையாகப் படிவு கட்டியிருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். எட்டு நாள் கழித்துத்தான் வந்தார். ஆனால் அனுப்பிய அன்றே அழைத்து, படிவைத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றி வை, ஒரு மணி நேரத்தில் நனைந்தால் இன்றிரவே வருகிறேன், நனையாவிட்டால் அடுத்த வாரம் வருகிறேன் என்றார். தாள் ஓரத்தில்கூட நனையவில்லை. வந்தபோது உள்ளிருந்த வளையத்தைக் கழற்றித் துடைத்து, மசகு தடவி மாட்டிவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போனார், பணம் வாங்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கிறேன். போன ஞாயிறு நிறுத்தியபோது நீர் அவருடைய சிவப்புக் கோட்டைவிட ஒரு விரல் உயரமாக நின்றது. காரணம் தேடினால், சம்ப்பின் வடிகட்டிப் பஞ்சைக் கழுவாமல் விட்டதில் முதல் அறையின் மட்டம் ஏறியிருந்தது. பஞ்சை மாற்றி மறுபடியும் நிறுத்தினேன். கோட்டிலேயே வந்து நின்றது. மிதவை வால்வுக்கு இந்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.